மழை நிறுத்திய ஆட்டமும் நீரில் மூழ்கிய ஊரும்

கோல்ப் விளையாட்டைப் பற்றித் தமிழில் எழுதுவோர் மிகக் குறைவு. பத்திரிகை அலுவலகங்களில் எனக்குத் தெரிந்த காலந்தொட்டு, விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட்டுக்கு முக்கால் பங்கும், உதைபந்தாட்டத்துக்கு எஞ்சியதில் பெரும்பங்கும் போக, கோல்ப் பற்றிய செய்தி ஒரு மூலையில் நான்கு வரிகளாகச் சுருங்கிவிடும். அதுவும் இடம் மிஞ்சினால்தான். பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் எங்கள் மக்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கின்றது. அந்த எண்ணம் தவறென்றும் சொல்வதற்கில்லை. ஆனால் கோல்பை விளையாட்டாக மட்டும் பார்க்காது, நிலத்தைப் பயன்படுத்தும் ஒரு முறையாகப் பார்த்தால் அது வேறு கதை சொல்லும். இலங்கையின் மலைநாட்டு வரலாற்றைப் பொறுத்தவரை அக்கதை தமிழர்களாகிய எங்களுக்கும் மிக நெருக்கமானது.

ஸ்கொட்லாந்தில் பிறந்த விளையாட்டு இது. வில்வித்தைப் பயிற்சிக்கு இடையூறாக இருக்கின்றது என்று 1457ஆம் ஆண்டிலேயே அந்நாட்டின் பாராளுமன்றம் கோல்பைத் தடைசெய்தது. தடைகள் காலப்போக்கில் மறைந்தன. விளையாட்டு நிலைத்தது. 1744ஆம் ஆண்டில் எடின்பரோவுக்கு அருகிலுள்ள லீத் என்னும் இடத்தில் பதின்மூன்று விதிகள் எழுதப்பட்டன. பந்து தண்ணீருக்குள் விழுந்தால் என்ன செய்வது என்பதற்கும் அந்தப் பதின்மூன்றில் ஒரு விதி இருந்தது. மழை ஓயாத நாட்டில் பிறந்த விளையாட்டல்லவா, தண்ணீரைப் பற்றிப் பேசாமல் அதனால் இருக்க முடியாது.

பிரித்தானியப் பேரரசு விரிந்தபோது, அதன் வணிகரோடும் படைவீரரோடும் தோட்டத்துரைமாரோடும் கோல்பும் கப்பலேறியது. 1829இல் கல்கத்தாவில் கழகம் அமைந்தது. கொழும்பில் 1879இல் காலிமுகத்திடலில் தொடங்கிய கழகம் பின்னர் பொரளைக்கு இடம்பெயர்ந்து, 1928இல் ‘றோயல்’ பட்டமும் பெற்றது. களனிவெளிப் புகையிரதப் பாதை அந்த மைதானத்தின் ஊடாகவே செல்கின்றது என்பது கொழும்புவாசிகள் அறிந்த வேடிக்கை. நுவரெலியாவில் 1889இலும், கடலுக்கு அப்பால் கொடைக்கானலில் 1895இலும் கோல்ப் கழகங்கள் உருவாகின. குளிரும் மூடுபனியும் சாரலும் நிறைந்த அந்த மலைநகரங்கள் ஸ்கொட்லாந்துக்காரரின் ஊர் ஏக்கத்தைத் தணித்திருக்க வேண்டும். இலங்கையின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களைத் திறந்தவர்களுள் ஸ்கொட்லாந்தினர் பெருந்தொகையினர். 1867இல் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் ரெய்லர் அவர்களுள் ஒருவர்.

ஆயினும் கண்டி நகருக்கு அண்மையில் இன்று புகழ்பெற்றிருக்கும் கோல்ப் மைதானம் அந்தத் துரைமார் விட்டுச்சென்றதன்று. திகனவுக்கு அப்பால், ராஜவெல்லவில், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் 1990களின் இறுதியில் திறக்கப்பட்டது அது. பதினெட்டுக் குழிகள். மூன்று பக்கமும் நீர். வடக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர். ஓங்கி வளர்ந்த தென்னைகளும் கிளைபரப்பிய மாரை மரங்களும் இன்றும் அங்கு நிற்கின்றன. அதனை வடிவமைத்தவர் டொனால்ட் ஸ்ரீல் என்ற ஆங்கிலேயர். அவர் நீண்டகாலம் லண்டன் ‘சண்டே ரெலிகிராப்’ பத்திரிகையின் கோல்ப் நிருபராக இருந்தவர் என்பதை அறிந்தபோது, எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவர் பேனாவை வைத்துவிட்டு ஒரு மலைச்சாரலையே திருத்தி எழுதியிருக்கின்றார் என்று நினைத்துக்கொண்டேன்.

பேராதனைப் பல்கலைக்கழக விடுதியில் என்னோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்ட நண்பன் ஒருவன் பல வருடங்களாகக் கனடாவில் வாழ்கின்றான். அங்கு கணக்காளன். நாற்பது வயதுக்கு மேல் கோல்ப் பழகியவன். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒக்டோபர் மாதத்தில் விடுமுறைக்கு வந்தவன் என்னையும் ராஜவெல்லவுக்கு இழுத்துச் சென்றான். “மச்சான், நீ விளையாட வேண்டாம், சும்மா நடந்து வா, உடம்புக்கும் நல்லது” என்றான். நானும் ஒரு குடையோடு நடந்தேன்.

ஒக்டோபரில் கண்டிப் பக்கம் விளையாடத் திட்டமிடுபவர் காலநிலையை அறியாதவராகத்தான் இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து, வடகீழ்ப் பருவக்காற்று தொடங்குமுன் வரும் இடைக்காலம் அது. காலையில் வானம் துலக்கமாக இருக்கும். நண்பகலில் மலைச்சரிவுகள் சூடேறும். பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் மேகம் திரண்டு, இடியோடு கொட்டித் தீர்த்துவிடும். கண்டி நகருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீற்றர் மழை கிடைக்கின்றது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பங்கு அதில் அதிகம். தும்பறைப் பள்ளத்தாக்கு மலைகளின் மறைவில் இருப்பதால் நகரைவிட மழை குறைவு. ஆனாலும் அன்றைய மழை அந்தக் கணக்கை மதிக்கவில்லை.

ஏழாவது குழியை நெருங்கும்போது தூறல் ஆரம்பித்தது. நண்பன் பொருட்படுத்தவில்லை. ஸ்கொட்லாந்தில் இதை மழையென்றே சொல்லமாட்டார்கள் என்றான். கையுறையைக் கழற்றிவிட்டு, மட்டையின் பிடியைத் துவாயால் துடைத்துத் துடைத்து அடித்தான். ஈரப்புல்லில் பந்து ஓடவில்லை, விழுந்த இடத்திலேயே குந்திக்கொண்டது. சற்று நேரத்தில் பள்ளங்களில் நீர் தேங்கத் தொடங்கியது. அவனுடைய பந்து அத்தகைய ஒரு குட்டையில் போய் விழுந்தபோது, கூட வந்த கெடி, அதாவது மட்டைப் பையைச் சுமந்துவரும் உதவியாளர், அதைக் கையால் எடுத்துத் துடைத்து அவனிடம் கொடுத்தார். “இதற்குத் தண்டனை இல்லையா?” என்று கேட்டேன். நண்பன் விளக்கினான். ஏரி, ஓடை போன்ற நிலையான நீரில் பந்து விழுந்து, அதை அங்கிருந்து எடுத்தால் ஓர் அடி தண்டனை. ஆனால் மழையால் தற்காலிகமாகத் தேங்கிய நீர் விளையாடுபவரின் குற்றமன்று. ஆகவே நிவாரணம் உண்டு. பந்தை எடுத்து, நீர் இடையூறு செய்யாத மிக அண்மையான இடத்தைக் கண்டு, அதிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள், குழிக்குக் கிட்டப் போகாமல் போட்டு, தண்டனையின்றித் தொடரலாம்.

தற்காலிக நீருக்கு நிவாரணம் உண்டு என்ற விதி எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த சில நிமிடங்களில் நக்கிள்ஸ் பக்கம் மின்னல் வெட்டியது. நீண்ட ஒற்றைச் சங்கொலி கேட்டது. மின்னல் அபாயம் என்றால் அந்த ஒலியோடு ஆட்டத்தை உடனே நிறுத்திவிட வேண்டும், ஒரு பந்தைக்கூட அடிக்கக்கூடாது என்பதும் விதிதான். நாங்கள் மூவரும் ஓடிப்போய் ஒரு சிறிய கொட்டகையில் ஒதுங்கினோம். கண்முன்னே நீர்த்தேக்கமும் மழையும் ஒன்றாகிக் கரை எது, நீர் எது என்று தெரியாமல் போயிற்று.

கெடி ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்களவர். தோட்டப் பக்கம் வளர்ந்ததால் தமிழ் நன்றாகவே பேசினார். எந்த ஊர் என்று கேட்டேன். பழைய தெல்தெனிய என்றார். மழைக்குள் ஒரு திசையைக் காட்டி, “அங்கதான் சேர் எங்கட ஊர் இருந்தது. இப்ப தண்ணிக்குள்ள. நான் சின்னப் பொடியன், ஸ்கூல் போன ரோட்டு எல்லாம் உள்ளுக்குத்தான். மழை இல்லாத வருசத்தில தண்ணி இறங்கினா கொஞ்சம் மேல வரும். அப்ப எங்கட ஆக்கள் போய்ப் பார்ப்பாங்க” என்றார். சற்றுப் பொறுத்து, “தோட்டத்து ஆக்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவங்களுக்கு லயம் இருக்கே” என்றும் சொன்னார்.

அவர் தீய எண்ணத்தோடு அதைச் சொல்லவில்லை. தாம் இழந்தது தமக்குத் தெரிந்திருந்தது. பக்கத்தில் இருந்தவர் இழந்தது தெரியவில்லை. மலைநாட்டின் இருநூறு ஆண்டுக்கால வரலாற்றில் மீண்டும் மீண்டும் நடந்திருப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றியது. இக்கட்டுரை எழுதுவதற்கும் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியமே காரணம். மழை ஓய ஒரு மணி நேரம் பிடித்தது. மிகுதி ஆட்டம் நடக்கவில்லை. வரலாற்றுக்கு வருவோம்.

ராஜவெல்ல அமைந்திருக்கும் தும்பறைப் பள்ளத்தாக்கு கண்டி இராச்சியத்தின் உட்பகுதி. நாயக்க வம்சத்தின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன், ஆங்கிலேயப் படை நகரை அடைந்தபோது இத்திசையில்தான் தப்பியோடினான். தெல்தெனியவுக்கு அப்பால் மெதமகாநுவரவில் 1815 பெப்ரவரி 18ஆம் திகதி பிடிபட்டான். மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. வேலூருக்கு நாடுகடத்தப்பட்ட மன்னன் 1832இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவனது நினைவாகத் தமிழக அரசு எழுப்பிய முத்து மண்டபத்தை வேலூருக்குப் போகும் எம்மவர் இன்றும் பார்க்கலாம். கண்டி நகரின் நடுவிலுள்ள குளத்தை அமைத்தவன் இவனே. வயல்நிலத்தை நீரால் மூடி, மக்களின் கட்டாய உழைப்பில் எழுந்தது அந்தக் குளம். நாங்கள் இன்று கரையில் நின்று படம் பிடிக்கும் அந்த அழகுக்கு அடியிலும் வயல்கள் இருக்கின்றன.

மன்னன் போனபின் நிலத்தின் பொருளே மாறியது. 1824 முதல் ஆளுநர் சேர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கோப்பிச் செய்கை தொடங்கியது. 1830களின் இறுதியில் அது வேகம் பிடித்தது. 1837இல் வந்திறங்கிய ரொபர்ட் போய்ட் டைட்லர், யமேக்காவில் தாம் கற்ற முறையை இங்கு புகுத்தினார். தும்பறையில் பல்லேகலத் தோட்டம் அவரோடு தொடர்புடையது. ராஜவெல்லவும் இப்பள்ளத்தாக்கின் பழைய தோட்டங்களுள் ஒன்று. தோட்டத்துக்கு நிலம் வேண்டும். அதற்கு வழி செய்தது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவை என்று அது அனுமானித்தது. 1844 வரை ஏக்கர் ஒன்றின் ஆரம்ப விலை ஐந்து ஷில்லிங்.

கிராமத்தவரிடம் காகித உறுதி ஏது? வயலுக்கு மேலே இருந்த காடு அவர்களுக்குச் சேனைநிலம், மாட்டுக்கு மேய்ச்சல், வீட்டுக்கு விறகு. நெல்வயல்கள் பெரும்பாலும் அவர்களிடமே எஞ்சின என்பது உண்மை. ஆனால் வயலைத் தாங்கி நின்ற மேட்டுநிலம் போயிற்று. பெருகிவந்த குடும்பங்களுக்கு விரிந்து செல்ல இடமில்லாமல் போயிற்று. 1848இல் மாத்தளையிலும் கண்டிப் பகுதியிலும் வெடித்த கிளர்ச்சிக்குப் புதிய வரிகள் உடனடிக் காரணம் என்றாலும், இந்த நிலவிழப்பும் அதன் பின்னணியில் இருந்தது. புரன் அப்பு அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் கண்டியில் சுட்டுக்கொல்லப்பட்டான். இது கண்டிச் சிங்களக் கிராமத்தவரின் இழப்பு.

அதே ஆண்டுகளில் மன்னார்க் கரையில் வேறொரு கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, சேலம் மாவட்டங்களின் வறண்ட கிராமங்களில் இருந்து கங்காணிமாரின் பின்னால் வந்தவர்கள் அவர்கள். காட்டுவழியாக நூறு மைலுக்கும் மேல் நடந்து மாத்தளையை அடைந்து, அங்கிருந்து கண்டி, தும்பறைத் தோட்டங்களுக்குப் பிரிந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியில் இறந்தோர் ஏராளம். 1870களின் இறுதியில் கோப்பி சுமார் 2,75,000 ஏக்கரில் பரந்திருந்தது. 1869இல் தென்பட்ட இலைநோய் அதை அழித்தது. மலைமேல் தேயிலையும், தாழ்ந்த தும்பறையில் கொக்கோ, இறப்பர், தென்னை போன்றனவும் அதன் இடத்துக்கு வந்தன. பயிர் மாறியது. உழைத்தவரின் லயன் அறை மாறவில்லை. நிலம் அவர்களுக்கு ஒருபோதும் சொந்தமாகவும் இல்லை. ஆனால் கீழே கிராமத்தில் இருந்து பார்த்தவருக்கு மேலே தம் காட்டில் குடியிருப்போர் தமிழராகவே தெரிந்தனர். நிலத்தை விற்ற அரசும் வாங்கிய கம்பனியும் அவர் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தன.

சுதந்திரம் வந்தவுடன் இந்த இரண்டு இழப்புகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அரசின் மேசைக்கு வந்தன. எப்படி வந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் தோட்டத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த ஆண்டு, 1949இல், கண்டிய விவசாயிகளின் நிலையை ஆராய ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கை 1951இல் வெளியானது. தோட்டங்களால் கிராமங்கள் நெருக்குண்டதை அது விரிவாகப் பதிவுசெய்தது. ஒரு தரப்பின் துயரத்துக்கு ஆணைக்குழு. மறுதரப்புக்குக் குடியுரிமைப் பறிப்பு. இரண்டும் ஒரே தோட்ட முறைமையின் இரு பக்கங்கள் என்று சொல்லும் அரச ஆவணம் ஒன்றையும் அக்காலத்தில் நான் கண்டதில்லை.

அதற்குப் பின் நடந்தவை வாசகர்கள் அறிந்தவை. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின் மூலம் தோட்டங்கள் அரசுடைமையாயின. கிராமத்தவருக்கு நிலம் பகிர்ந்தளிப்பது நியாயமான நோக்கம்தான். ஆனால் பகிர்ந்தபோது அந்நிலத்தில் நான்கு தலைமுறை உழைத்தவர்கள் கணக்கில் எடுக்கப்படவில்லை. பல தோட்டங்களில் அவர்கள் வேலையிழந்து, வீதிக்கு வந்தார்கள். 1977 மே மாதத்தில் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக்காணியைச் சுவீகரிப்பதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். மலையகத்தின் நினைவில் அழியாத பெயர் அது.

இப்போது நீர்த்தேக்கத்துக்கு வருவோம். 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர்.ஜெயவர்தன, முப்பது ஆண்டுகளுக்கெனத் திட்டமிடப்பட்ட மகாவலி அபிவிருத்தியை ஆறு ஆண்டுகளில் முடிப்பதாக அறிவித்தார். விக்டோரியா அணை பிரித்தானியாவின் பெரும் நன்கொடையுடன் எழுந்தது. 122 மீற்றர் உயரம். 210 மெகாவாற் மின்சாரம். 1985 ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் மார்கரட் தட்சர் வருகை தந்திருந்தபோது திறந்து வைக்கப்பட்டது. அப்போது நான் மாணவன். பத்திரிகைகளில் வந்த படங்களில் வளைந்த வெண்சுவரும் பாயும் நீரும் இருந்தன. பழைய தெல்தெனிய நகரம் அந்தப் படங்களில் இருக்கவில்லை. கடைத்தெரு, பாடசாலை, விகாரை, வீடுகள், வயல்கள் எல்லாம் நீருக்குள் போயின. புதிய தெல்தெனியவும் திகன நகரும் மேட்டில் உருவாகின. சிலர் அங்கு குடியேறினர். வேறு சிலர் கீழே உலர்வலயத்து மகாவலிக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். மலையின் குளிரில் பழகியவர்கள் வெயிலிலும் மலேரியாவிலும் புதுவாழ்வு தொடங்க வேண்டியிருந்தது.

மேட்டில் குடியமர்த்தக் காணி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அரசு சுவீகரித்த பழைய தோட்டங்களில் இருந்து. அதாவது, 1840இல் கிராமத்தவரிடமிருந்து போன மேட்டுநிலத்தின் ஒரு பகுதி, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், வயலையும் ஊரையும் இழந்த கிராமத்தவருக்குச் சிறு துண்டுகளாகத் திரும்பி வந்தது. அதற்கிடையில் அந்நிலத்தைக் காடு வெட்டிப் பண்படுத்திய தமிழ்த் தொழிலாளி அதிலிருந்து விலக்கப்பட்டான். ஒருவருக்குக் கிடைத்தது நட்டஈடு. மற்றவருக்கு அது வெளியேற்றம். இருவருக்குமே அது போதவில்லை. நன்றாக அமைந்தது நீரோரத்துக் காட்சி மட்டுமே. சில ஆண்டுகள் கழித்து அந்தக் காட்சியின் நடுவில் கோல்ப் மைதானம் வந்தது.

மைதானத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அதனால் அயலிலுள்ள பலருக்கு வேலை கிடைக்கின்றது. புல்வெட்டுவோர், சமையலறையில் நிற்போர், கெடிகள் என்று பலர் அதை நம்பி வாழ்கின்றனர். கோல்பில் எங்கள் பெயர்களும் இல்லாமலில்லை. இந்தியத் தொழில்முறைச் சுற்றுப்போட்டிகளின் முடிவுப் பட்டியல்களில் இலங்கையின் என்.தங்கராஜா, கே.பிரபாகரன் ஆகியோரின் பெயர்களைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகின்றேன். சில மைல் தொலைவில் பல்லேகலவில் சர்வதேச கிரிக்கெட் மைதானம் இருக்கின்றது. கோப்பிக் காலத்தில் டைட்லரோடு சேர்த்துப் பேசப்பட்ட அந்த இடப்பெயரை இன்று கிரிக்கெட் உலகம் உச்சரிக்கின்றது. 2023 செப்டெம்பர் 2ஆம் திகதி ஆசியக் கிண்ணத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் அங்கு மோதியபோது, இந்தியா 266 ஓட்டங்கள் எடுத்ததோடு மழை ஆட்டத்தை முடித்து வைத்தது. கண்டிச் சுழற்பந்து மன்னன் முரளிதரனின் பாட்டனாரும் தோட்டத் தொழிலுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவரே.

என் கவலை கணக்கைப் பற்றியது. மலையகத் தொழிலாளருக்குத் தனிவீடு கட்ட 2015ஆம் ஆண்டுக்குப் பின் வழங்கப்பட்ட காணியின் அளவு ஏழு பேர்ச். பின்னர் பத்துப் பேர்ச் என்று பேச்சு எழுந்தது. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. கோல்ப் மைதானத்தில் ஒரு குழியைச் சுற்றிப் பட்டுப்போல் வெட்டிய பசும்புல் திடல் சாதாரணமாக 5,000 முதல் 6,000 சதுர அடி வரை இருக்கும். நாலேகால் அங்குல விட்டமுள்ள ஒரு குழிக்கு ஒதுக்கும் நிலத்தில் மூன்று குடும்பங்களைக் குடியமர்த்தலாம். குடியுரிமைப் பிரச்சினை 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களோடு தீர்ந்தது என்கின்றோம். காணிப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இன்றும் லயன் அறைகளிலேயே வாழ்கின்றன.

அவர்களுக்கு மழை விடுமுறைக் குறுக்கீடு அல்ல. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா புயலின்போது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. மலைச்சரிவுகள் இடிந்து விழுந்தன. சரிவின் விளிம்பிலும் ஓடைக் கரையிலும் குடியிருந்தவர்கள், அவர்கள் சிங்களவராயினும் தமிழராயினும் முஸ்லிம்களாயினும், மண்ணுக்குள் போனார்கள். பாதுகாப்பான நிலம் யாருக்கு, ஆபத்தான நிலம் யாருக்கு என்பதை அன்றைய மழை தீர்மானிக்கவில்லை. அது 1840 முதல் எடுக்கப்பட்ட முடிவுகளின் விளைவு.

அண்டை வீட்டாரின் இழப்பை அறியாதிருப்பதற்கு ஒரு விலை உண்டு. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டதை நாங்கள் கண்டோம். அணைக்காக ஊரோடு பெயர்க்கப்பட்டு, மேட்டில் புதிதாகச் சேர்ந்து வாழத் தொடங்கிய ஒரு சமூகத்தின் நடுவில் அது நடந்தது. நிலத்தை யார் பறித்தார்கள் என்பது தெரியாதபோது, பக்கத்து வீட்டுக்காரனே பறித்தவனாகத் தெரிகின்றான்.

பழைய தெல்தெனியவில் வாழ்ந்தவர்களில் வளர்ந்தவர்களாக அந்த வெள்ளத்தைக் கண்டோர் இன்று அறுபது வயதைத் தாண்டிவிட்டார்கள். 1970களில் தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட தமிழர்களும் அவ்வாறே. அவர்களுள் சிலர் வன்னியிலும், சிலர் நீலகிரியிலும் கூடலூரிலும், சிலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கின்றார்கள். இதை வாசிக்கும் உங்களில் யாராவது அத்தகைய குடும்பத்தைச் சேர்ந்தவராயின், தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் பெற்றோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். சிங்கள நண்பர்கள் இருந்தால் அவர்களின் ஊர்க் கதையையும் கேளுங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள். 1949இல் அரசு செய்யத் தவறிய வேலை அது. ஒன்றையொன்று மறுக்கும் இரு முறைப்பாடுகளாக இதுவரை வாசிக்கப்பட்டவை, ஒரே நிலத்தின் ஒரே வரலாறு என்பது அப்போது விளங்கும். அது விளங்காதவரை, காணிப் பங்கீடு பற்றி மலைநாட்டில் நடக்கும் ஒவ்வொரு பேச்சும் இரண்டு ஏழைகளுக்கிடையிலான வழக்காகவே முடியும்.